டெவ், டெஸ்ட், ப்ரொடக்‌ஷன் மூன்றிலும் லுக்கப் டேபிள்களை எப்படி ஒரே மாதிரி வைத்திருக்கிறீர்கள்?

சாம்பார்வடை:

மூன்று வாரமாக மண்டையைக் குடையும் விஷயம், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் ஐந்து பேர், கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் செய்கிறோம். போஸ்ட்கிரெஸ் 14, டெவ், டெஸ்ட், ப்ரொடக்‌ஷன் என்று மூன்று டேட்டாபேஸ் (எழுதிப் பார்க்க, சோதிக்க, கடைகள் நிஜமாகப் பயன்படுத்த). டேபிளின் அமைப்பு மாறினால் ஃப்ளைவே (மாற்றங்களை ஃபைல் ஃபைலாக ஓட்டும் கருவி) பார்த்துக்கொள்கிறது, அதில் குறை இல்லை. தலைவலி எல்லாம் உள்ளே உட்கார்ந்திருக்கும் ரோக்களால்தான். பில் நிலை, பணம் செலுத்தும் முறை, அலகு, மாநிலக் குறியீடு, மாவட்டம், எச்எஸ்என் (பொருள் வகைக் குறியீடு), ஜிஎஸ்டி விகிதம் என்று பட்டியல்களை வைக்கும் லுக்கப் டேபிள் முப்பதாவது இருக்கும். கடைக்காரர் யாரும் இவற்றைத் தொடுவதில்லை. நாங்கள்தான் போடுகிறோம், அதுவும் அவசரத்துக்கு யார் கையில் என்ன கிடைக்கிறதோ அதை வைத்து. ஒருவர் ஸ்கிரிப்ட் எழுதுவார், இன்னொருவர் டிபீவரை (டேட்டாபேஸுக்குள் பார்க்கும் மென்பொருள்) திறந்து நேராக டைப் அடித்துவிடுவார்.

இதனால் இரண்டு முறை வாங்கிக்கட்டிக்கொண்டோம். முதலாவது: பில் நிலை டேபிளில் 'ரத்து' என்பதற்கு டெவ்வில் ஐடி 5. ப்ரொடக்‌ஷனில் 7, ஏனென்றால் அங்கே நடுவில் யாரோ இரண்டு ரோ சேர்த்து அழித்திருக்கிறார்கள். கோடில் 5 என்று எழுதியிருந்தது. ப்ரொடக்‌ஷனில் 5 என்றால் 'பாதிப் பணம் வந்தது'. கடன் வைத்திருந்தவர்களின் பில் எல்லாம் ரிப்போர்ட்டில் ரத்தாகிவிட்டது. கடைக்காரர் போன் செய்து பேசிய தமிழை இங்கே எழுத முடியாது.

இரண்டாவது, 2025 செப்டம்பர் 22. நெய்யும் வெண்ணெயும் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு வந்த நாள். எங்கள் ஆள் ஒருவர் முதல் நாள் இரவு விழித்திருந்து, சரியாகப் பன்னிரண்டு மணிக்கு ப்ரொடக்‌ஷனில் அப்டேட் போட்டார். அவரைப் பாராட்டினோம்கூட. மறுவாரம் ஒரு கடையில் ஆகஸ்ட் பில்லை மறுபடி பிரிண்ட் எடுத்தால் நெய்க்கு 5 சதவீதம் என்று வருகிறது. டெஸ்ட்டில் இன்னும் 12தான் இருந்தது, அதனால் அங்கே சோதித்தவருக்கு எதுவுமே தெரியவில்லை.

இந்த டேட்டாவை எங்கே வைப்பது, மூன்றுக்கும் எப்படிக் கொண்டுபோவது, ஏற்கெனவே கோணலாகிப்போன ஐடிக்களை எப்படி நேர் செய்வது? மூன்றாவதுதான் எனக்கு உண்மையான பயம். அந்த ஐடியைப் பிடித்துக்கொண்டு லட்சக்கணக்கில் பில்கள் தொங்குகின்றன.


பழையடிபிஏ:

முதலில் ஒன்று, உங்கள் ஊரில் 'வரி' என்றால் டாக்ஸா, டேபிளில் இருக்கும் வரியா என்று குழப்பம் வந்துவிடும், நீங்கள் ரோ என்றே எழுதியது நல்லதாயிற்று.

ஐடியை நேர் செய்யாதீர்கள். தொடவே தொடாதீர்கள். ப்ரொடக்‌ஷனில் 7 என்றால் 7 ஆகவே கிடக்கட்டும். ஒவ்வொரு லுக்கப் டேபிளிலும் 'குறி' என்று ஒரு டெக்ஸ்ட் காலம் (column) சேருங்கள். ரத்துக்கு ஒரு சின்னக் குறி, பாதிப் பணத்துக்கு ஒரு குறி. ஒரே குறி இரண்டு முறை வராதபடி யூனிக் கன்ஸ்ட்ரெய்ன்ட் போடுங்கள். மூன்று டேட்டாபேஸிலும் தனித்தனியாக, பெயரைப் பார்த்துக் குறியை நிரப்புங்கள், இது ஒருமுறை கையால் செய்யவேண்டிய வேலை, முப்பது டேபிள் என்றால் ஒரு நாள் உட்கார்ந்தால் முடியும். அப்புறம் கோடில் 5, 7 என்று எண் இருக்கும் இடத்தையெல்லாம் தேடிப் பிடித்துக் குறிக்கு மாற்றுங்கள். மென்பொருள் தொடங்கும்போது குறியைக் கொடுத்து அந்த டேட்டாபேஸில் ஐடி என்ன என்று ஒருமுறை வாங்கி வைத்துக்கொண்டால் போதும். பில்கள் பழைய ஐடியிலேயே தொங்கட்டும், யாருக்கும் நஷ்டம் இல்லை. இடத்துக்கு இடம் ஐடி வேறுபடுவதில் குற்றமே இல்லை, அது அந்த டேட்டாபேஸின் சொந்த விவகாரம். அதை நீங்கள் கோடில் எழுதியதுதான் குற்றம்.

புதிதாக ஒரு டேபிள் தொடங்கினால் நான் ஐடியே வைக்க மாட்டேன், குறியே பிரைமரி கீ (ரோவின் அடையாளம்). பத்துப் பதினைந்து ரோ இருக்கும் டேபிளுக்கு இன்டிஜர் வைத்து மிச்சம் பிடிக்கும் இடம் ஒன்றும் பெரிதில்லை. இரவு இரண்டு மணிக்கு பில் டேபிளைத் திறந்து பார்க்கும்போது ஜாயின் போட்டு இன்னொரு டேபிளைச் சேர்க்காமலே நிலை என்ன என்று கண்ணுக்குத் தெரியும், அந்தச் சுகம் தனி.

ஜிஎஸ்டி கதை வேறு வியாதி. அந்த ரோவை நீங்கள் அப்டேட் செய்திருக்கவே கூடாது. ஆகஸ்ட்டில் நெய்க்கு 12 என்பது பொய்யாகிவிடவில்லையே, ஆகஸ்ட்டுக்கு அது இன்றும் உண்மைதான். எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தேதி வரை என்று இரண்டு காலம் வைத்து, பழைய ரோவை செப்டம்பர் 21 உடன் முடித்து, 22 முதல் புது ரோ. ஜிஎஸ்டி கவுன்சில் முடிவு சொன்னது செப்டம்பர் 3 அன்று. நடுவில் இரண்டரை வாரத்துக்கு மேல் இருந்தது. புது ரோவை நிதானமாக டெவ்வில் போட்டு, டெஸ்ட்டில் தேதியை முன்னே தள்ளிப் பார்த்து, ப்ரொடக்‌ஷனில் ஒரு வாரம் முன்னாலேயே ஏற்றிவிட்டு அந்த ஆளைத் தூங்கச் சொல்லியிருக்கலாம். பில்லில் விகிதத்தையும் வரித்தொகையையும் நகலெடுத்து வைப்பதும் அவசியம். மறுபிரிண்ட் என்பது அன்றைக்குக் கொடுத்த அதே காகிதம், புதிதாகக் கணக்குப் போடும் வேலையில்லை.


ஃப்ளைவே_பித்தன்:

ஏற்கெனவே ஃப்ளைவே இருக்கிறது என்றால் வேறு கருவி தேடவேண்டாம். வி (V) என்று தொடங்கும் ஃபைல்கள் ஒருமுறைதான் ஓடும், அது உங்களுக்குத் தெரியும். ஆர் (R) என்று தொடங்குபவை ரிப்பீட்டபிள், ஃபைலின் செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எண்) மாறினால் மறுபடி ஓடும். லுக்கப் டேபிளுக்கு ஒன்றாக ஆர் ஃபைல் எழுதுங்கள். முழுப் பட்டியலும் அதில் இருக்கும். இன்சர்ட், குறி மோதினால் அப்டேட், அவ்வளவுதான். இதைச் செய்யும் ஆன் கான்ஃப்ளிக்ட் போஸ்ட்கிரெஸில் 9.5 முதலே இருக்கிறது. இதே மாதிரி வேலை செய்யும் மெர்ஜ் 15இல்தான் வந்தது, உங்கள் 14இல் கிடையாது, தேவையும் இல்லை. கிட்டில் (கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) அந்த ஃபைலின் வரலாற்றைப் பார்த்தால் எந்த மாநிலக் குறியை யார், எப்போது, ஏன் சேர்த்தார் என்று முழுக் கதையும் கிடைக்கும்.

இதில் நான் சறுக்கிய இடங்களைச் சொல்கிறேன்.

ஆர் ஃபைல்கள் எல்லா வி ஃபைல்களும் முடிந்த பிறகுதான் ஓடும். ஒரு வி ஃபைலில் 'இந்தக் குறி இருக்கும் ரோவை எடுத்து அதை வைத்துப் பழைய பில்களை நிரப்பு' என்று எழுதினீர்கள் என்றால் உங்கள் டெவ்வில் ஜம்மென்று ஓடும், ஏனென்றால் ரோ போன மாதமே வந்துவிட்டது. புதிதாகச் சேர்ந்தவர் காலி டேட்டாபேஸில் தொடங்கினால் அங்கே ரோவே இருக்காது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு நாள் போனது. அப்படிப்பட்ட ரோவை அந்த வி ஃபைலிலேயே ஒருமுறை இன்சர்ட் செய்துவிடுங்கள், ஆர் ஃபைல் பின்னால் வந்து பார்த்துக்கொள்ளும்.

அடுத்தது, பட்டியலிலிருந்து ஒரு ரோவை எடுத்துவிட்டால் டேபிளிலிருந்து அது போகாது. போகவும் கூடாது, பழைய பில் அதைச் சுட்டிக்கொண்டிருக்கும். 'பயன்பாட்டில் இல்லை' என்று ஒரு கொடி வைத்து அதை மாற்றுங்கள்.

ஐடி காலம் ஐடென்டிட்டியாக (டேட்டாபேஸே அடுத்த எண்ணைப் போடும் வகை) இருந்தால் இன்னொன்று கவனியுங்கள். ஆன் கான்ஃப்ளிக்டில் மோதி அப்டேட் ஆனாலும் அந்த எண் வரிசையில் (சீக்வென்ஸ்) ஒன்று எரிந்துவிடும். முப்பது ரோ, ஒவ்வொரு முறை ஓடும்போதும் முப்பது எண் போகும். இன்டிஜருக்கு இது கொசுக்கடி. எங்கள் ஆள் ஒருவர் சிக்கனம் என்று ஸ்மால்இன்ட் வைத்திருந்தார், 32767உடன் கதை முடியும்.

டெஸ்ட்டுக்கு மட்டுமான போலிக் கடை, போலி வாடிக்கையாளர் இதெல்லாம் இதே ஃபோல்டரில் வரக்கூடாது. ஃப்ளைவேயில் லொகேஷன் பல கொடுக்கலாம், டெஸ்ட் டேட்டாவைத் தனி ஃபோல்டரில் வைத்து டெஸ்ட்டில் மட்டும் அதைச் சேருங்கள்.


கிளிமூக்கு:

மைஎஸ்கியூஎல் பக்கத்திலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு: ஆன் கான்ஃப்ளிக்ட் இல்லையே என்று ரீப்ளேஸ் இன்டூ பக்கம் போகாதீர்கள். பெயரைப் பார்த்தால் சாது மாதிரி இருக்கும். உண்மையில் அது பழைய ரோவை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுகிறது. ஃபாரின் கீயில் (இன்னொரு டேபிளின் ரோவைச் சுட்டும் இணைப்பு) கேஸ்கேட் டெலிட் இருந்தால் லுக்கப் ரோவோடு சேர்த்து அதைச் சுட்டும் பிள்ளை ரோக்களும் போய்ச் சேரும். ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட்தான் சரி. நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்று கேட்காதீர்கள்.


ஓரம்போ:

எல்லோரும் ஒரே பாட்டுப் பாடுகிறீர்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். முப்பது டேபிளையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

பில் நிலை என்பது டேட்டாவே இல்லை, கோடின் ஒரு பகுதி. புதிய நிலை ஒன்று சேர்த்தால் அதற்கு இஃப் எல்ஸ் எழுதியே ஆகவேண்டும், கோட் இல்லாமல் அந்த ரோ தனியாக வந்தால் பயனில்லை. இதை கிட்டில் வைத்து கோடோடு அனுப்புவது சரி. இன்னும் சொல்லப்போனால் கோடில் இருக்கும் ஈனமையும் (enum, நிலைகளின் பட்டியல்) டேபிளையும் மென்பொருள் தொடங்கும்போதே ஒப்பிட்டு, ஒன்று குறைந்தாலும் தொடங்க மறுக்கச் சொல்லுங்கள். பகலில் கடைக்காரர் திட்டுவதைவிட டெப்ளாய் அன்றைக்கே விழுவது மேல். போஸ்ட்கிரெஸின் சொந்த ஈனம் டைப்பை மட்டும் தவிர்த்துவிடுங்கள், மதிப்பைச் சேர்க்கலாம், எடுக்க முடியாது.

மாநிலக் குறியீடு, மாவட்டம் போன்றவை அரசு மாற்றுபவை. அபூர்வமாக மாறும், ஆனால் மாறும்போது கோணலாக மாறும். டாமன் டையூவும் தாத்ரா நாகர் ஹவேலியும் 2020 ஜனவரி 26 அன்று ஒன்றாயின. 25, 26 என்று இருந்த இரண்டு குறியில் இப்போது 26தான் நடப்பு, ஆனால் பழைய பில்லில் 25 இருக்கும், அதையும் படிக்கத் தெரியவேண்டும். ஆந்திராவுக்கு 28, 37 என்று இரண்டு எண் பட்டியலில் இருப்பதும் தெலங்கானா பிரிந்ததன் மிச்சம். மாவட்டம் இன்னும் மோசம். நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை 2020இல் தனி மாவட்டமாகி 38ஆவதாக வந்தது. 'ஒரு ரோ சேர்த்தால் போயிற்று' என்று நினைப்போம். நாகப்பட்டினம் என்று பதிவாகியிருந்த சீர்காழிக் கடையை யார் மாற்றுவது? ரோ சேர்ப்பது ஆர் ஃபைலின் வேலை, முகவரிகளை மாற்றுவது தனி வி ஃபைலின் வேலை. இரண்டையும் குழப்பினால் பாதிக் கடை இங்கே, பாதிக் கடை அங்கே.

மூன்றாவது வகை ஐஎஃப்எஸ்சி (வங்கிக் கிளைக் குறியீடு) மாதிரி. நான் பணம் பட்டுவாடா பக்கம் வேலை பார்க்கிறேன். அந்தப் பட்டியல் ஒரு லட்சத்துக்கு மேல் போகும், வெளியிலிருந்து வரும், நம் ரிலீஸ் தேதிக்காகக் காத்திருக்காது. சிண்டிகேட் வங்கி கனரா வங்கியில் 2020 ஏப்ரல் 1 அன்று சேர்ந்தது, ஆனால் சிண்டிகேட்டின் பழைய ஐஎஃப்எஸ்சி 2021 ஜூன் 30 வரை ஓடியது, ஜூலை 1 முதல் கனராவின் குறி. இதையெல்லாம் ஃப்ளைவேயின் மைக்ரேஷன் ஃபைலில் எழுதி ரிவ்யூவுக்கு அனுப்பினால் பார்ப்பவர் வேலையை விட்டுப் போய்விடுவார். இதற்கு ஒரு லோடர் எழுதி, மூன்று இடத்திலும் அதே லோடரை ஓட்டுங்கள், எந்தத் தேதியின் பட்டியல் ஏறியிருக்கிறது என்று ஒரு ரோவில் பதிந்து வையுங்கள்.

எஸ்எம்எஸ் கேட்வே முகவரி, பாஸ்வேர்ட் போல இடத்துக்கு இடம் வேறுபட்டே ஆகவேண்டியவை இந்த டேபிள்களுக்குள் வரவே கூடாது. ப்ரொடக்‌ஷன் பேக்கப்பை டெஸ்ட்டில் ஏற்றிய அன்று டெஸ்ட்டிலிருந்து நிஜ வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ் பறந்த கதை எங்கள் பழைய அலுவலகத்தில் உண்டு.


சாம்பார்வடை:

எல்லோருக்கும் நன்றி. ஓரம்போ சொன்ன எஸ்எம்எஸ் முகவரி விஷயம் படித்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன், எங்கள் 'அமைப்புகள்' டேபிளில் அதுவும் உட்கார்ந்திருக்கிறது. அதை இன்றே வெளியே எடுக்கிறோம்.

எச்எஸ்என் பட்டியல் எங்கள் கணக்காளர் எக்செலில்தான் தருகிறார். சிஎஸ்வியாக்கி அதிலிருந்து ஏற்றலாமா, இல்லை ஒவ்வொன்றையும் எஸ்கியூஎல்லாக எழுதவேண்டுமா?


பழையடிபிஏ:

சிஎஸ்வி நல்லதுதான், கிட்டில் எது மாறியது என்று ரோ ரோவாகத் தெரியும். ஆனால் எக்செல் கையில் அகப்பட்ட குறியீடு பிழைக்காது. உங்கள் நெய் வெண்ணெய்க்கு எச்எஸ்என் 0405. சிஎஸ்வியை எக்செலில் திறந்து சேமித்தால் முன்னால் இருக்கும் பூஜ்யம் போய் 405 ஆகிவிடும். மாநிலத்தில் ஜம்மு காஷ்மீரின் 01 வெறும் 1 ஆகும், டெல்லியின் 07 வெறும் 7. தமிழ்நாடு 33 என்பதால் நம் ஊரில் சோதிக்கும்போது யாருக்கும் தெரியாது, டெல்லிக்கு முதல் பில் போடும் அன்றுதான் விழும். காலத்தை டெக்ஸ்டாக வைத்து, மாநிலக் குறிக்கு நீளம் 2 என்று செக் கன்ஸ்ட்ரெய்ன்ட் போட்டுவிடுங்கள், தவறான ஃபைல் ஏறவே ஏறாது. எச்எஸ்என்னுக்கு 4, 6, 8.


விடியல்_ஷிப்ட்:

தேதி வைத்து வரியைத் தேர்வு செய்வது பற்றி ஒரு எச்சரிக்கை. ப்ரொடக்‌ஷன் சர்வர் யூடிசியில் (உலகப் பொது நேரம், நமக்கு ஐந்தரை மணி பின்னால்) ஓடுகிறதா பாருங்கள். எங்களுடையது அப்படித்தான், டெவ்வில் எல்லோருடைய லேப்டாப்பும் இந்திய நேரம். க்வெரியில் கரன்ட் டேட் என்று எழுதியிருந்தோம். செப்டம்பர் 22 நள்ளிரவு கடந்ததும் புது விகிதம் வரவேண்டும், ஆனால் சர்வருக்குக் காலை ஐந்தரை வரை இன்னும் 21. மளிகைக் கடை தூங்கும், இருபத்துநாலு மணி நேர மருந்துக்கடை தூங்காது. அன்றைக்கு மருந்துகளும் 12லிருந்து 5க்கு வந்தன. விடியற்காலை பில்கள் அத்தனையும் பழைய வரியில். எனக்குத்தான் அந்த ஷிப்ட். பில்லில் இருக்கும் தேதியைக் கொடுத்து விகிதத்தைக் கேளுங்கள், சர்வரிடம் தேதி கேட்காதீர்கள்.

இன்னொன்று, லுக்கப் டேபிள்களை மெமரியில் கேஷ் செய்கிறீர்களா (நகலெடுத்து வைத்துக்கொள்கிறீர்களா)? டேபிளில் ரோ மாறியும் மென்பொருள் பழையதையே சொல்லிக்கொண்டிருக்கும். டெப்ளாயோடு ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் கவலையில்லை.


தமிழ்ச்சரம்:

எஸ்கியூஎல் சர்வரில் வேலை செய்பவன். மாவட்டப் பெயர், அலகுப் பெயர் எல்லாம் தமிழிலும் வைத்திருக்கிறோம். டெவ்வில் அழகாகத் 'திருநெல்வேலி', ப்ரொடக்‌ஷனில் வரிசையாகக் கேள்விக்குறிகள். டெவ்வில் ஒருவர் திரை வழியாக டைப் செய்திருந்தார், ப்ரொடக்‌ஷனுக்கு ஸ்கிரிப்ட் போனது. ஸ்கிரிப்ட்டில் மேற்கோளுக்கு முன்னால் என் (N) என்ற எழுத்து விடுபட்டிருந்தது, காலம் என்வர்சாராக (தமிழ் எழுத்தையும் தாங்கும் வகை) இருந்தும் புண்ணியமில்லை. கேள்விக்குறியாக மாறிய பிறகு திரும்ப எடுக்க வழியே இல்லை, மறுபடி ஏற்றவேண்டியதுதான். ஒரே ஸ்கிரிப்ட் மூன்று இடத்திலும் ஓடியிருந்தால் டெவ்விலேயே பிடிபட்டிருக்கும், அதுதான் எங்கள் எரிச்சல்.


சாம்பார்வடை:

பத்து நாள் கழித்து வருகிறேன். குறி காலம் எல்லா டேபிளிலும் சேர்த்தாயிற்று, முதல் பதினான்கு டேபிள் ஆர் ஃபைலுக்கு வந்துவிட்டன. பயந்த மாதிரி இல்லை, ஐடி எதையும் தொடவில்லை, ஒரு பில்கூட அசையவில்லை. கோடில் எண் எழுதியிருந்த இடம் நாற்பதுக்கு மேல் கிடைத்தது, அதில் இரண்டு இடத்தில் டெவ் ஐடியும் ப்ரொடக்‌ஷன் ஐடியும் வேறு, யாரும் இதுவரை புகார் சொல்லவில்லை என்பதுதான் ஆச்சரியம். ப்ரொடக்‌ஷனில் மென்பொருளின் லாகினுக்கும் எங்கள் லாகினுக்கும் இந்த டேபிள்களில் படிக்க மட்டும்தான் அனுமதி, ஃப்ளைவேயின் லாகின் மட்டும் எழுதும். டிபீவர் ஆசாமி இரண்டு நாள் முறைத்தார்.

ஒன்று புரியவில்லை. தினமும் மூன்று டேட்டாபேஸையும் ஒப்பிட ஒரு சின்ன வேலை எழுதினேன். ஒவ்வொரு டேபிளிலும் ஐடியை விட்டுவிட்டு மற்ற காலங்களைக் குறி வரிசையில் ஒட்டி எம்டி5 (டெக்ஸ்ட் துளி மாறினாலும் மாறும் கைரேகை மாதிரி) எடுக்கிறேன். இரண்டு டேபிளில் டெவ் எம்டி5 மட்டும் வேறாக வருகிறது. ரோ ரோவாகப் பார்த்துவிட்டேன், அட்சரம் பிசகாமல் ஒரே டேட்டா.


ஃப்ளைவே_பித்தன்:

டெவ் மேக்கிலா ஓடுகிறது? அந்த இரண்டு டேபிளில் குறிகளுக்குள் அண்டர்ஸ்கோரோ பெரிய எழுத்து சின்ன எழுத்துக் கலப்போ இருக்கிறதா? டேட்டா ஒன்றுதான், வரிசை வேறு. ஆர்டர் பை வைத்து வரிசைப்படுத்தும்போது கொலேஷன் (எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதி) இயங்குதளத்துக்கு ஏற்ப மாறும், வரிசை மாறினால் ஒட்டிய டெக்ஸ்ட் மாறும். ஆர்டர் பையில் கொலேட் சி (எங்கேயும் மாறாத பைட் வரிசை) என்று போட்டுவிட்டுப் பாருங்கள்.


சாம்பார்வடை:

மேக்தான். குறிகளில் அண்டர்ஸ்கோரும் இருக்கிறது. போட்டுப் பார்த்தேன், மூன்றும் ஒன்றாகிவிட்டன. மிச்சப் பதினாறு டேபிள் அடுத்த ஸ்பிரின்டில்.